கேக் ஒட்டிய மீசை

இயேசு மரி சூசை

ராயபுரம்,
22.8.2010, ஞாயிறு

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

உங்கள் ஆன்சி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் மாமாவும் உங்கள் தம்பி ஜெரியும் இங்கே சுகம். அந்த எஞ்சின் ரூம் சூட்டில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கடிதத்திலாவது லூர்து என்று பேரைப் போட்டு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வாயில் வருகிற மாதிரியே எழுதிவிட்டேன். கப்பலில் யாரிடமும் காட்டிச் சிரிக்காதீர்கள்.

மொரீசியஸில் இறங்கி போன் பண்ணினீர்களே, ஆறு நிமிஷம் பேசினீர்கள். அதில் நாலு நிமிஷம் டிவியைப் பற்றி. கப்பல் சாப்பாட்டு ரூமில் பிளாஸ்மா டிவி மாட்டியிருக்கிறார்கள், படம் என்னமா கீது தெரியுமா, வாங்கினால் நம்ம வீட்டுக்கும் பிளாஸ்மாதான் என்று ஒரே பாட்டு. ஒரு நிமிஷம் பாப்பாவைப் பற்றி. கடைசி ஒரு நிமிஷத்தில், அக்டோபரில் காண்ட்ராக்ட் முடிகிறது, கேப்டன் இன்னும் நாலு மாசம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. அப்புறம் போனை வைத்துக்கொண்டு சுவரிடம்தான் பேசினேன். அந்தப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் டிவி.

பிளாஸ்மா வேண்டாங்க. எல்சிடி வாங்குவோம். நான் சும்மா சொல்லவில்லை. பர்மா பஜாரில் கலீலுல்லா பாய் கடைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை போய்விட்டு வந்தேன். மூன்றாம் தடவை என்னைப் பார்த்ததும் பாய் ஸ்டூலை அவரே துடைத்துப் போட்டார். பாவம், நோன்பு மாசம், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிற மனுஷனை நான் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டேன். நாற்பத்திரண்டு இஞ்சில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். பிளாஸ்மா கண்ணாடியில் படமா தெரிந்தது? என் முகமும் பாய் கடை டியூப்லைட்டும்தான் தெரிந்தன. நம்ம வீட்டு வாசலோ கடலைப் பார்த்த வாசல். காலையில் கதவைத் திறந்தால் வெயில் நேராகக் கூடத்துக்குள் வந்து உட்காருகிறது. அதில் பிளாஸ்மாவை வைத்தால் ஆளுக்கு ஒரு சீப்பு எடுத்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதோடு கரண்டையும் அது குடிக்கிறதாம், பாயே சொன்னார். கண்ணாடி தொட்டால் சுடுகிறது. நம்ம ஊர் வேர்வைக்கு அது ஒன்றுதான் குறை.

உங்கள் தம்பி உங்கள் கட்சி. கால்பந்து உலகக் கோப்பை முழுக்க நம்ம பழைய டிவியில் பார்த்து, பந்து எது கொசு எது என்று தெரியாமல் கத்தினதுதான் மிச்சமாம். எல்சிடியில் பந்து ஓடினால் பின்னாலேயே ஒரு வால் ஓடுமாம், பிளாஸ்மாவில் பந்து பந்தாகவே இருக்குமாம். அவனும் அவன் தோஸ்துகளும் வந்து என்னை வளைத்துக்கொண்டு ரெண்டு நாள் பேஜார் பண்ணினார்கள். நான் மசியவில்லை. பந்து பார்க்கிறவன் ஒருத்தன், அந்த டிவியோடு பகல் பூராவும் குடித்தனம் பண்ணப்போகிறவள் நான் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு ரெண்டுமே வேண்டாமாம். பழைய டிவியின் தலையில் ரெண்டு தட்டு தட்டினால் நன்றாகத்தானே வருகிறது என்கிறார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் எல்லாவற்றையும் தட்டியே ஓட்டினவர் இல்லையா.

பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிந்துவிட்டது. கீழே ரெண்டு பல் முளைத்து, அதை வைத்து என் தோளைப் பதம் பார்க்கிறாள். சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து, ஞானஸ்நானம் எப்போது என்று கேட்கிறார். அவங்க அப்பா வந்து பேர் வைப்பார் சாமி என்கிறேன். பர்த் சர்டிபிகேட்டில்கூடப் பேருக்கு நேரே காலியாகத்தான் கிடக்கிறது. நீங்கள் பொங்கல் முடிந்து கப்பலேறும்போது என் வயிற்றில் கை வைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? நான் வந்துதான் பேர் வைப்பேன், அதுவரைக்கும் யாரும் வைக்கக்கூடாது என்றீர்கள். அதனால் ஏழாவது மாசமும் அவள் பாப்பாதான். ஜெரி மட்டும் குண்டு என்கிறான்.

பக்கத்து வீட்டுச் செங்கொடி அக்கா உங்களை விசாரித்தார்கள். நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறேன், யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன். எஞ்சின் ரூமில் கால் வழுக்காமல் நடங்கள்.

இப்படிக்கு,
பதில் சொல்ல முடியாமல் போனோடு நின்ற
ஆன்சி


இயேசு மரி சூசை

ராயபுரம்,
19.9.2010, ஞாயிறு

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். நம்ம தெரு வில்சன் அண்ணன் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறி டர்பனில் உங்கள் கப்பலில் சேரப்போகிறார். இந்தக் கடிதத்தையும் கருவாட்டையும் அவர் கையில்தான் கொடுக்கிறேன். கருவாட்டை எட்டு கவரில் சுற்றியிருக்கிறேன், இருந்தும் வில்சன் அண்ணன் மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். கேப்டனுக்கு மாசக் கடைசிக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டுமாமே, அதற்குள் இது உங்கள் கையில் இருக்கும். நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். நிறைய நடந்திருக்கிறது.

டிவி வந்துவிட்டது. ஒன்று இல்லை, ரெண்டு.

நாலாவது தடவையாக நான் கடையில் போய் நின்றதும் பாய் கும்பிடு போட்டுவிட்டார். தங்கச்சி, நோன்புக் காலத்தில் என்னால் பேச முடியல, ரெண்டையும் தூக்கிக்கினு போயிடு, பெருநாள் முடியட்டும், வந்து வேண்டாததை எடுத்துக்கிறேன் என்றார். மாமாவுக்கும் அவருக்கும் இருபது வருஷப் பழக்கம் இல்லையா, அந்த நம்பிக்கை. ஒன்று மட்டும் கண்டித்துச் சொன்னார். பிளாஸ்மாவைப் படுக்கவைக்கக்கூடாது, நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். இன்னொன்றும் சொன்னார், அதில் ஒரே படத்தை ரொம்ப நேரம் நிறுத்திவைக்கக்கூடாது, படம் ஒட்டிக்கொள்ளும் என்று. படம் என்ன பசையா ஒட்டுவதற்கு, எல்சிடிக்காரி என்பதால் என்னைக் கலாய்க்கிறார் என்று நினைத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாதா திருவிழா நவநாள் நடந்துகொண்டிருந்த சனிக்கிழமை. ஜெரி ஒரு மீன்பாடி வண்டி பிடித்துவந்தான். எல்சிடியை அட்டைப்பெட்டியோடு ஓரமாகக் கட்டிவிட்டு, பிளாஸ்மாவை நடுவில் நிற்கவைத்தார்கள். தூறல் விழுந்தது என்று நம்ம நீலப் பெட்ஷீட்டை எடுத்து அதன் மேல் போர்த்தினான். நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாமவன் குடை பிடித்தான். பள்ளத்தில் இறங்கிக் குலுங்கக்கூடாது என்று அடிமேல் அடி வைத்து வந்தார்கள். நேரமோ சாயங்காலம் ஆறரை, கோவில் மைக்கில் மாதா பாட்டு ஓடுகிறது. அன்றைக்கு நம்ம தெருவுக்குச் சப்பரம் வருகிற முறை. இப்போது நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், என்ன நடந்திருக்கும்?

செங்கொடி அக்கா சப்பரத்தின் மேல் இறைக்க உப்பும் மிளகும் கலந்து தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்கள். துறைமுகச் சங்கத்தில் கொடி பிடித்த அவங்க அப்பா வைத்த பேர் செங்கொடி, ஆனால் மாதா சப்பரம் என்றால் தெருவில் முதல் ஆள் அவங்கதான். மாதா சேலை மாதிரி நீலத் துணியும் குடையும் மெதுவாகத் திரும்பியதைப் பார்த்ததும், மாதாவே தாயே என்று ஒரு கை அள்ளி இறைத்தார்கள். அவங்களைப் பார்த்து எதிர்வீட்டார், அவரைப் பார்த்து அடுத்த வீட்டார். டிவி மேல் மழை மாதிரி உப்பும் மிளகும். ரெண்டு பேர் முழங்கால் போட்டுவிட்டார்கள். ஜெரி வண்டி மேல் நின்றுகொண்டு, யக்கோவ் இது டிவிக்கா, டிவிக்கா என்று தொண்டை கிழியக் கத்துகிறான். குடை பிடித்தவன் சிரிப்பில் குடையை விட்டுவிட்டான். நான் பாப்பாவோடு வாசற்படியில் உட்கார்ந்தே விட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. செங்கொடி அக்கா அசரவே இல்லை. டிவியா இருந்தா இன்னா, வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான் என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து நிஜமான சப்பரம் வந்தபோது தெருவில் யார் கையிலும் உப்பும் இல்லை மிளகும் இல்லை. எல்லோரும் நம்ம அடுப்படிக்குள் வந்து டப்பாவைக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். மறுநாள் ரசத்துக்கு மிளகு வாங்க நான் கடைக்கு ஓடினேன். டிவியின் பின்பக்க ஓட்டையிலிருந்து ஜெரி இன்னும் மிளகு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றிலிருந்து கூடத்தில் ரெண்டு டிவி, பக்கத்தில் பக்கத்தில். காலையில் வெயில் வந்ததும் எல்சிடிதான் ஜெயித்தது. பளிச்சென்று நின்றது. நான் சொன்னேனா இல்லையா என்று ஜெரியைப் பார்த்துக் கேட்டேன், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மத்தியானம்தான் வந்தது வினை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டும் நேரம். அவளுக்கு உங்களைக் காட்டித்தான் ஊட்டுவேன், நம்ம கல்யாண டிவிடியைப் போட்டு, பார் அப்பா, பார் அப்பா என்று. எல்சிடியில் போட்டேன். ஐயோ, அது நீங்களே இல்லைங்க! யாரோ பவுடர் அடித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை. உங்கள் கோட்டு கறுப்பும் போய்ச் சாம்பலாகி, முகமும் வெளுத்து, கீழே பாயில் உட்கார்ந்து பாப்பா பார்க்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். ஆள் அரைவாசி காணோம். எனக்குச் சுருக்கென்றது. அவள் உங்களை நேரில் பார்த்ததே இல்லை. இதைப் பார்த்து இதுதான் அப்பா என்று நினைத்துக்கொண்டால் நீங்கள் வந்து நிற்கும்போது யார் என்று கேட்க மாட்டாளா?

கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்குப் போர்வை போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு அதே டிவிடியைப் பிளாஸ்மாவில் போட்டேன். வந்தீர்கள். உங்கள் கறுப்பு அப்படியே வந்தது. எண்ணெய் வைத்து வாரின முடி, நெற்றியில் வேர்வை, எல்லாம். கல்யாணத்தன்று உங்களை நான் அவ்வளவு நன்றாகப் பார்க்கவில்லை, வெட்கத்தில் குனிந்துகொண்டிருந்தேன். இப்போது கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கட்சி அங்கேயே கவிழ்ந்துவிட்டது. ஆனால் ஜெரியிடம் சொல்லவில்லை.

கேக் வெட்டுகிற இடம் வருமே, உங்கள் நண்பர்கள் பெரிய துண்டாக உங்கள் வாயில் திணிப்பார்கள், பாதி மீசையில் அப்பிக்கொள்ளும், நீங்கள் கன்னம் உப்பிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அந்த இடத்தில் பாப்பா கெக்கெக்கே என்று சிரித்தாள். அதில் நிறுத்தினேன். ஒரு கிண்ணம் சோறும் உள்ளே போய்விட்டது, சிந்தாமல் சிதறாமல்! சரி, இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர் லாரி வந்தது, மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடினேன். வரிசையில் ஒரு மணி நேரம். திரும்பி வந்தால் அவள் டிவிக்கு முன்னால் சப்பென்று உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அழுகை இல்லை, தூக்கு என்று கை நீட்டல் இல்லை. நான் துணி துவைத்தேன், மீன் கழுவினேன், காலை நீட்டிப் பத்து நிமிஷம் படுத்தேன்கூட. பிள்ளை பிறந்து ஏழு மாசத்தில் முதல் தடவையாக நீங்கள் பாப்பாவைப் பார்த்துக்கொண்டீர்கள். விடுவேனா? மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். ஜெரி வருவதற்குள் அணைத்துவிடுவேன். ராத்திரி எல்சிடியைத்தான் ஓடவிடுவேன். இப்படி ஐந்து நாள்.

பிளாஸ்மா கண்ணாடி சுடுகிறது என்று குறை சொன்னேன் இல்லையா? பாப்பா தவழ்ந்துபோய் அதில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள். வெதுவெதுவென்று இருக்கிறதோ என்னவோ, நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிற கன்னத்தின் மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். அதைப் பார்த்த அன்றைக்கு நான் மீன் குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன்.

பெருநாள் முடிந்து கலீலுல்லா பாய் ஒரு தூக்கு நிறையப் பிரியாணியோடு வந்தார். எது வேண்டாம் தங்கச்சி என்றார். நான் சொல்வதற்குள் ஜெரி பிளாஸ்மாவைப் போட்டுக் காட்டினான். நியூஸ் ஓடியது. செய்தி வாசிக்கிற அம்மாவின் முகத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு மீசை. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜெரி சேனலை மாற்றினான். கிரிக்கெட். பச்சைப் புல் மேல் மீசை, உப்பின கன்னம், கேக் துண்டு, கீழே மூலையில் வீடியோ எடுத்தவன் போட்ட மதி ஸ்டுடியோ என்கிற எழுத்து. எழுத்து உங்களைவிடத் தெளிவாக ஒட்டியிருக்கிறது. மாமா எழுந்து வந்து பார்த்துவிட்டு, அடே நம்ம லூர்து என்றார், தலையில் ரெண்டு தட்டு தட்டினார். நீங்கள் போகவில்லை.

கடைக்காரர் நம்பிக் கொடுத்த சாமானை இப்படிப் பண்ணிவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போர்வை போட்டதிலிருந்து. ஜெரி, அண்ணி எல்சிடி, அண்ணி எல்சிடி என்று சொல்லிக்கொண்டே தரையில் உருண்டான். பாய் டிவியையும், அதன் முன்னால் உட்கார்ந்து ப்பா ப்பா என்று கண்ணாடியைத் தட்டுகிற பாப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அழாதே தங்கச்சி, மாப்ள உள்ளேயே குடிவந்துட்டாரு, வாடகையா வாங்க முடியும் என்று சிரித்தார். வழி இருக்கிறதாம். வெறும் வெள்ளையாக ஒரு படம் போட்டு ரெண்டு மூன்று நாள் ஓடவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுமாம். எல்சிடியைத் தூக்கிக்கொண்டு போனவர், வெள்ளைப் படம் போட்ட ஒரு டிவிடியைக் கடைப் பையன் கையில் கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலமே அதைப் போட்டேன். கூடம் முழுக்க வெள்ளை வெளிச்சம். பாப்பா வந்து பார்த்தாள். கண்ணாடியில் கையை வைத்து இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். அப்புறம் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எழுந்து அணைத்துவிட்டேன். இருந்துவிட்டுப் போங்கள், எனக்கென்ன. இப்போது வீட்டில் எந்த நாடகம் ஓடினாலும் அதில் நீங்களும் இருக்கிறீர்கள். போன வாரம் ஜெரி பந்தாட்டம் பார்க்கும்போது, அண்ணன் மீசையில் பட்டு கோல் மிஸ் ஆகிவிட்டது என்று கத்துகிறான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்னும் நாலு மாசம் இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். நான் எதற்கும் இதுவரை உங்களைத் தடுத்ததில்லை. கல்யாணமாகி மூன்று மாசத்தில் ஏறினீர்கள், சரி என்றேன். வயிற்றில் பிள்ளையோடு ஏறினீர்கள், அதற்கும் சரி என்றேன். இதற்கு மட்டும் மாட்டேன் என்கிறேன். பாய் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதே வெள்ளைப் படம் போட்டால் போய்விடுமாம். இப்படியே விட்டு, மேலே மேலே அதே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் கிறிஸ்துமஸுக்குள் நிலைத்துவிடுமாம், அப்புறம் எது போட்டாலும் போகாதாம். நானோ தினமும் மத்தியானம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். காட்டாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறாள், நான் என்ன பண்ண?

அதனால் அக்டோபரில் இறங்கிவிடுங்கள். நீங்கள் வந்து உங்கள் கையாலேயே அந்த வெள்ளைப் படத்தைப் போடுங்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன். அவள் டிவியைப் பார்க்கிறாளா உங்களைப் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறே கோவிலுக்குக் கூட்டிப்போய் அவளுக்குப் பேர் வைப்போம். சாமியாரிடம் தேதி சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிக்கவும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து திட்டுங்கள்.

மாதா உங்களை அலையில்லாத கடலில் கொண்டுவந்து இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
கட்சி மாறிய
உங்கள் ஆன்சி

பின்குறிப்பு: எஞ்சின் ரூம் சூட்டுக்கு மீசையை எடுத்துவிடலாம் என்று முன்பு ஒரு தடவை போனில் சொன்னீர்கள். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். பாப்பாவுக்கு உங்களைத் தெரிவது அதை வைத்துத்தான்.